தாணே உப்பங்கழி கண்டோம்

சென்ற மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் மாதுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய இடங்களில் வாழும் நம் சங்கக் குடும்பத்தினர் நாற்பதின்மர், தாணே உப்பங்கழிப் பூநாரைச் சரணாலயத்தைக் காணப் புறப்பட்டோம். கட்டுச்சோற்று மூட்டைகளுடன் பேருந்தில் ஏறி, முலுண்டு வழியாகப் பாலத்தைக் கடந்து ஐரோலியை அடைந்தோம். அங்குள்ள கடலோர உயிரின மையத்தில், கடல்நீர் ஏறியிறங்கும் வேளை பார்த்தே படகு விடுகின்றனர்.

ஏறத்தாழ 1,690 எக்டர் பரப்புள்ள இவ்விடத்தை மகாராஷ்டிர அரசு 2015-ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவித்தது. 2022-இல் இது உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

படகு வளைந்து திரும்பியதும் சேற்றுத் திட்டு முழுவதும் இளஞ்சிவப்பாய்த் தோன்றியது. அத்தனையும் பூநாரைகள்! தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் நீரைச் சலித்து அவை இரையுண்கின்றன. அந்நிறம் பிறவியில் வாய்த்ததன்று. குஞ்சுகள் சாம்பல் நிறத்தன; உண்ணும் பாசியிலுள்ள நிறப்பொருளே நாளடைவில் இறகில் ஏறுகிறது. கட்ச் முதலிய இடங்களிலிருந்து கார்த்திகையை ஒட்டி வந்து, மழைக்காலத்துக்கு முன் இவை மீள்கின்றன.

எல்லோரும் பறவைகளையே நோக்கியிருக்க, முத்துப்பேட்டையில் பிறந்த மூதாட்டி ஒருவர் கரையைச் சுட்டி, "இது எங்கள் ஊர் அலையாத்தி அல்லவா!" என்று வியந்தார். சேற்றினின்று விரல்போல் நிமிர்ந்திருந்த மூச்சு வேர்களைப் பேரக்குழந்தைகளுக்குக் காட்டினார். ஆம், அதே மரந்தான். சரணாலயத்தில் பாதிக்கு மேற்பட்ட பரப்பு அலையாத்திக் காடேயாகும். அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று, அதன் பயனையே பெயராக வைத்தனர் நம் முன்னோர்.

அப்பயனை மும்பை துன்பப்பட்டே உணர்ந்தது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. வீட்டினுள் புகுந்த வெள்ளத்தைத் தாராவிக் குடும்பங்கள் இன்றும் மறக்கவில்லை. மித்தி ஆற்றங்கரைச் சதுப்பையும் அலையாத்தியையும் தூர்த்துக் கட்டடம் எழுப்பியமை, வெள்ளம் வடியாமைக்கு ஒரு காரணம் என்றனர் அறிஞர். அவ்வாண்டிலேயே மும்பை உயர் நீதிமன்றம் மாநிலமெங்கும் அலையாத்திகளை அழிப்பதற்குத் தடை விதித்தது; 2018-இல் அதனை உறுதியும் செய்தது.

அன்பர்கள் வைகாசி பிறக்குமுன் குடும்பத்தோடு ஒருமுறை சென்று வருக. பூநாரையோடு அக்காட்டையும் பிள்ளைகளுக்குக் காட்டுக. கழிக்கரையில் எவரேனும் மண்ணும் கழிவும் கொட்டக் கண்டால், வனத்துறைக்கு அறிவிக்கத் தயங்கலாகாது. பிழைக்க வந்த ஊர்தானே என்று நாம் வாளாவிருத்தல் தகாது. நம் பிள்ளைகளுக்கு இது பிறந்த ஊர்.