குடிபெயர்ந்த வட்டுகள்

மத்திய அரசுப் பணியில் இருப்போர்க்கு மாற்றல் ஆணை புதிதன்று. மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதும் நம்மவர்க்குப் பழகிப்போனவை. கல்லுரல் பழுதின்றி வந்து சேரும். ஊறுகாய் ஜாடியும் பெரும்பாலும் வந்து சேரும். கொல்கத்தாவிலிருந்து தில்லிக்கு நாங்கள் குடிபெயர்ந்தபோது உடைந்து வந்தது ஒரு பொருள்தான். அதன் விலை சொற்பம்.

எங்கள் இல்லத்தில் வீட்டுச் சர்வர் ஒன்று உண்டு. பெயர்தான் பெரிது. பழைய கணினி ஒன்று, யு.எஸ்.பி. கம்பியால் அதனோடு பிணைத்த ஓர் உறைப்பெட்டி, அப்பெட்டிக்குள் 4 டெராபைட் ஹார்டு டிஸ்க் இரண்டு, அவ்வளவே. முதல் வட்டில் சேர்வதை இரவுதோறும் இரண்டாவது வட்டு படியெடுத்துக் கொள்ளும். தந்தையார் எழுதிய இன்லண்டு கடிதங்களின் படிகளும், 2019-இல் மறைந்த அம்மாவின் குரலும் அவற்றில் இருந்தன. உறவுமுறைகளையும், ஊர்க் கதைகளையும், தாலாட்டு இரண்டையும் அம்மா சொல்லச் சொல்லப் பதிந்தவை அவை. ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் எங்கள் மகனுக்குப் பாட்டி என்பது அந்தக் குரல்தான்.

லாரிப் பயணத்தில் உறைப்பெட்டி நசுங்கியது. வட்டுகள் துணிகளுக்கிடையே தனியே வந்தமையால் தப்பின. அவற்றைப் புதிய கணினிக்குள் நேரடியாகப் பொருத்தினோம். இரண்டையும் படிக்க இயலவில்லை. நேரு பிளேஸ் கடையொன்றில் காட்டினோம். கடைக்காரர் விண்டோஸில் இணைத்தவுடன், ஃபார்மட் செய்யட்டுமா என்று திரை கேட்டது. வட்டு போய்விட்டது, மீட்க ரூ.18,000 ஆகும் என்றார் அவர். எங்கள் மகள் பொறியியல் மாணவி. ஒன்றும் செய்யவேண்டாம் என்று வட்டுகளை வாங்கிக்கொண்டாள்.

அவள் சொன்ன காரணம் எங்களுக்கு நியாயமாகவே பட்டது. இரண்டு வட்டுகள் ஒரே நாளில் ஒரே விதமாகச் சாவதில்லை. வட்டு தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கும் 'ஸ்மார்ட்' பதிவேட்டிலும் பழுதான செக்டார் ஒன்றுகூட இல்லை. ஆகவே நோய் வட்டில் இல்லை. வட்டைப் படித்த முறையில் இருந்தது.

பதிவேடுகளோடு காலம் தள்ளும் எழுத்தர்களாகிய எங்களுக்கு இது எளிதில் விளங்கியது. வட்டில் உள்ள செய்தி செக்டார் என்னும் கட்டங்களாக எண்ணப்படுகிறது. வழக்கமான கட்டம் 512 பைட். பழைய முறைப் பகிர்வு அட்டவணையில் கட்ட எண் எழுத 32 பிட்டுகளே இடம். எனவே 2 டெராபைட்டுக்குச் சற்று மேல் எண்ண முடியாது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணினிகளிலும் பெரிய வட்டுகள் ஓடட்டும் என்று சில உறைப்பெட்டிகள் எட்டுக் கட்டங்களை ஒன்றாக்கி, 4096 பைட் கட்டம் என்றே கணினிக்குக் காட்டும். எங்கள் பெட்டியும் அவ்வகையே. சுவடி நிலைய அதிகாரி ஒருவர் எட்டுப் பக்கத்துக்கு ஓர் எண் இட்டுவைத்துப் போய்விட, அடுத்து வந்தவர் பக்கத்துக்கு ஓர் எண் என்று தேடினால் எப்படியிருக்கும்! அட்டவணை, 256-ஆம் கட்டத்தில் தொடக்கம் என்றது. பழைய கணக்கில் அது 10,48,576-ஆவது பைட். புதிய கணினியோ 1,31,072-ஆவது பைட்டில் போய்த் தேடி, ஒன்றுமில்லை என்று கை விரித்தது.

லினக்ஸில் 'லோசெட்டப்' என்றொரு கட்டளை உண்டு. கட்டம் 4096 பைட் என்று சொல்லி, எழுதாதே, படிக்க மட்டும் செய் என்று ஆணையிட்டு மகள் வட்டைத் திறந்தாள். கோப்புகள் வரிசையாக வந்தன. அம்மாவின் குரலுக்குப் பின்னால் பழைய குவார்ட்டர்ஸ் குக்கர் விசிலும் கேட்டது. அவ்வேளையில் எவரும் பேசவில்லை.

எல்லாவற்றையும் புதிய வட்டொன்றுக்குப் படியெடுக்க நள்ளிரவு தாண்டிற்று. பழைய வட்டுகளை அதன் பிறகே 512 கணக்கில் புதிதாக அமைத்தோம். இப்போது ஒவ்வொரு வட்டின் மேலும் சீட்டு ஒட்டியிருக்கிறோம்: எந்தப் பெட்டியில் அமைத்தது, கட்டம் எத்தனை பைட், கோப்பு முறை எது. உறைப்பெட்டியிலிருந்து வட்டைக் கழற்றும் அன்பர்கள், திரை ஃபார்மட் என்று கேட்டால் உடனே இசைந்துவிடலாகாது. மூன்றாவது வட்டு கும்பகோணத்தில் தங்கை வீட்டுப் பீரோவில் இருக்கிறது.