ஏரியின் உரிமையும் எமது வீட்டுக் கனவும்



வீடுகளை மனிதர்கள் அமைதி பெறும் இடங்களாக ஆக்கியிருப்பதைத் தன் அருட்கொடைகளில் ஒன்றாக அல்லாஹ் 'அந்நஹ்ல்' அத்தியாயத்தில் நினைவூட்டுகின்றான். விசாலமான வீட்டையும் நல்ல அண்டை வீட்டாரையும் மனிதனின் நற்பேறுகளில் சேர்த்து நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. எனவே சொந்த வீடு வேண்டும் என்று ஆசைப்படுவது உலக மோகம் ஆகிவிடாது. அந்த வீடு எந்த மண்ணின்மீது எழுகின்றது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

சென்னையின் மேற்குப் புறத்தில் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்களின் ஆசை அண்மைக் காலமாக ஏரிக்கரைகளை நோக்கித் திரும்பியுள்ளது. முன்பெல்லாம் ஏரியோரம் என்றால் கொசுவும் பாம்பும் கழிவுநீர் நாற்றமும்தான் நினைவுக்கு வரும். ஆவடி பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு, நடைபாதையும் படகுச் சவாரியும் கொண்ட பூங்காவாக 2019ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பின்னர் நிலைமை மாறியது. ரெட்டேரி, அயனம்பாக்கம் முதலிய ஏரிகளின் கரைகளையும் அழகுபடுத்தும் திட்டத்தை சி.எம்.டி.ஏ. கையில் எடுத்தது. 'லேக் வியூ' என்னும் சொல் விளம்பரப் பலகைகளில் ஏறியது. மனையின் விலையும் உடன் ஏறியது.

நாங்களும் அப்படியொரு மனையைத் தேடிச் சென்றவர்கள்தாம். மதரஸா ஊதியத்தில் ஆண்டுக்கணக்கில் மிச்சம் பிடித்த தொகையும், இல்லத்தரசியின் நகைகளை விற்றால் கிடைக்கும் தொகையும் சேர்ந்தால் புறநகரில் ஒரு சிறு மனை வாங்க இயலும் என்ற நிலை. நம் மஹல்லாவைச் சேர்ந்த தரகர் ஒருவர் ஓர் ஏரியின் கரையோரம் அழைத்துச் சென்றார். அந்த ஏரியின் பெயரும் தரகரின் பெயரும் இங்கே வேண்டாம். அஸருக்குப் பின் வீசிய காற்றும், நீர்ப்பரப்பில் இறங்கிய கொக்குகளும் எங்களை அங்கேயே நிற்க வைத்தன. "பாத்தாலே மனசு நிறையுதுங்க" என்றார் இல்லத்தரசி. விலையோ, இரண்டு தெரு தள்ளியிருந்த மனையின் விலையில் ஏறத்தாழப் பாதி.

"ஹஸ்ரத், அஞ்சு மனை நம்ம ஆளுங்களே வாங்கிட்டாங்க. ஒரு மனையைப் பள்ளிவாசலுக்குன்னே ஒதுக்கியாச்சு. இந்த வாரம் டோக்கன் அட்வான்ஸ் மட்டும் குடுத்துடுங்க" என்றார் தரகர்.

இவ்விடத்தில் நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு நிலையைச் சொல்லியாக வேண்டும். வட்டியைத் தவிர்ப்பதற்காக நம்மில் பலர் வங்கிக் கடன் வாங்குவதில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வங்கிக் கடன் வாங்குபவருக்காக வங்கியின் வழக்கறிஞர் மூலப்பத்திரங்களைப் படிக்கின்றார். மதிப்பீட்டாளர் மனையை நேரில் பார்க்கின்றார். கையிருப்பைக் கொடுத்து வாங்கும் நமக்கு அவ்விரு கண்களும் இல்லை. வட்டியிலிருந்து தப்பியவர் விசாரிக்காமல் வாங்கி முழு முதலையும் இழந்தால், அவரிடம் கணக்குக் கேட்க அவர் பிள்ளைகள் இருக்கின்றனர். எனவே, கடன் வாங்காதவர் ஒன்றுக்கு இரண்டு மடங்கு விசாரிக்க வேண்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சிகளை ஏற்படுத்துவதையும் பற்றியது. பத்திரத்தைப் படிப்பதும் மார்க்கத்தின் ஒரு பகுதியே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாங்கள் முன்பணம் கொடுக்கவில்லை. ஒரு மாத அவகாசம் கேட்டோம். அம்மாதத்தில் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகின்றோம்.

முதலில் ஏரியின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் பகுதி ஏரிகள் இயற்கையாகத் தோன்றிய பள்ளங்கள் அல்ல. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மண் கரை எழுப்பி, மழைநீரைத் தேக்கி, மதகு வழியாக வயலுக்குப் பாய்ச்ச நம் முன்னோர் அமைத்தவை. கரைக்கு அப்பால் தாழ்ந்த புறத்தில் இருப்பது ஆயக்கட்டு. பெரும்பாலும் பட்டா உள்ள நஞ்சை நிலம். கரைக்கு எதிர்ப்புறத்தில், நீர் மெல்ல ஏறி வந்து தொடும் மேட்டுப் பக்கம் இருப்பது நீர்ப்பிடிப்பு. கோடையில் அங்கே நீர் இராது. புல் முளைத்து மைதானம் போலக் கிடக்கும். புறம்போக்கை மனையாக்குவோருக்கு அந்தக் கோடைக்காலமே வசதி. எனவே 'ஏரியோர வீடு' என்பதில் இரு வகை உண்டு. ஆயக்கட்டுப் பக்கத்து மனையில் உரிமை சரியாக இருக்கலாம். ஆனால் நிலம் தாழ்வானது. நீர்ப்பிடிப்புப் பக்கத்து மனையில் உரிமையே ஐயத்துக்குரியதாக இருக்கலாம்.

இரண்டாவது, ஏரி தனியாக இல்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் செல்லும். கலங்கல் எங்கே, அதிலிருந்து புறப்படும் கால்வாய் எங்கே போகின்றது என்பதைக் காலால் நடந்து பார்க்க வேண்டும். கால்வாய் ஓரிடத்தில் காணாமற்போய் அங்கே தெரு தொடங்கினால், மழைக்காலத்தில் அத்தெருவே கால்வாய் ஆகும். 2015 டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டபோது, அந்த ஏரியைக் கண்ணால் கண்டிராத அடையாற்றங்கரைக் குடும்பங்கள் வீடிழந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் வீடுகளுக்குள் நீர் புகுந்ததை நம்மில் பலர் அனுபவித்துள்ளோம்.

நாங்கள் கலங்கலைத் தேடி நடந்தபோது, அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி சொன்னார்: "பாய், வெயில்ல வந்து பாத்தா எல்லா மனையும் நல்லாத்தான் இருக்கும். கார்த்திகையில வந்து பாருங்க." எந்த அலுவலகமும் இதைவிடத் தெளிவான அறிவுரையைத் தராது. மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் பாருங்கள். இயலாவிடில், பக்கத்து வீட்டுச் சுவர்களில் நீர் நின்ற கறை எவ்வளவு உயரம் எனப் பாருங்கள். வாடகைக்கு இருப்பவரிடம் கேளுங்கள். வீட்டை விற்கும் எண்ணம் இல்லாததால் அவர் மறைக்கமாட்டார். கிணற்று நீரையும் ஆழ்துளைக் குழாய் நீரையும் பரிசோதிக்கக் கொடுங்கள். பாதாளச் சாக்கடை இல்லாத தெருவின் கழிவு எங்கே போகின்றது என்று கேட்டால், பல இடங்களில் அந்த அழகிய ஏரியே விடையாக இருக்கும்.

மூன்றாவது, ஆவணங்கள். வில்லங்கச் சான்று, பதிவான பரிமாற்றங்களை மட்டுமே காட்டும். நிலம் எவ்வகையானது எனச் சொல்லாது. சொத்துவரி ரசீதும் மின் இணைப்பும் உரிமைப் பத்திரங்கள் ஆகமாட்டா. மூலப்பத்திரத் தொடர், பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். பட்டாவையும் அ-பதிவேட்டையும் தமிழக அரசின் இணையச் சேவையிலேயே புல எண்ணைக் கொண்டு பார்க்கலாம். 'ஏரி', 'வாய்க்கால்', 'புறம்போக்கு' என்ற சொற்களில் ஒன்று அங்கே இருந்தால், பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்வதே நலம்.

மனைப்பிரிவுக்கு அனுமதி உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் உருவான அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017ஆம் ஆண்டு விதிகள் வந்தன; நீர்நிலைகளில் அமைந்த மனைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. எட்டு வீடுகளுக்கு மேல் கொண்ட அடுக்குமாடித் திட்டமாயின், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி ரெரா பதிவு எண் இருக்க வேண்டும். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் கட்டடம் கட்டத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. ஆவடிப் பக்கம் வாங்குவோர் சி.எம்.டி.ஏ.வில் இதைக் கேட்டறிய வேண்டும்.

எங்கள் மனைக்கும் தரகர் ஒரு பட்டாவைக் காட்டினார். அது உண்மையான பட்டாதான். ஆயினும், உரிமம் பெற்ற நில அளவையர் ஒருவரைக் கொண்டு புல வரைபடத்தின்படி அளந்தபோது, பட்டா குறிக்கும் நிலம் தெருவோடு முடிந்துவிட்டது. எங்களுக்குக் காட்டப்பட்ட மனையின் பெரும்பகுதி அடுத்த புல எண்ணுக்குள் இருந்தது. அந்த எண்ணுக்கு எதிரே அ-பதிவேட்டில் இருந்த சொல் 'ஏரி'.

"எல்லாரும் கட்டியிருக்காங்களே, கவர்மென்ட்டே முகப்பேர் ஏரித் திட்டம்னு வீடு கட்டலையா?" என்று தரகர் கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டுவசதி வாரியத்தின் அக்குடியிருப்பு இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றது. வள்ளுவர் கோட்டம் எழுந்ததும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான். ஆனால் அரசு தன் நிலத்தைத் தானே ஒதுக்கியது ஒன்று. தனக்கு உரிமையில்லாத நிலத்தை ஒருவர் நமக்கு விற்பது வேறொன்று. மேலும், அன்றைய நிலை இன்றில்லை. குளத்து நிலத்தை வீட்டுமனையாக ஒதுக்கியது செல்லாது என 2001ஆம் ஆண்டு ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007ஆம் ஆண்டு ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தமிழகத்தில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. வீட்டை இடிக்கும் நாளில் விற்றவர் அங்கே வந்து நிற்கமாட்டார்.

இனி மார்க்கத்தின் பார்வைக்கு வருவோம். அநியாயமாக ஒரு சாண் நிலத்தை எடுத்தவருக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்ற எச்சரிக்கை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நீரும் மேய்ச்சலும் நெருப்பும் மக்கள் அனைவருக்கும் பங்குள்ளவை என்ற செய்தி அபூதாவூதில் உள்ளது. இவற்றின் அடிப்படையில் நம் சட்ட அறிஞர்கள் 'ஹரீம்' என்னும் ஒரு விதியை வகுத்தனர். கிணறு, ஆறு ஆகியவற்றைச் சுற்றி, அவற்றின் பயன் முழுமையடையத் தேவையான நிலமே ஹரீம். தூர்வாரும் மண்ணைக் கொட்டவும், கரையோரம் நடக்கவும் வேண்டிய இடம் அதில் அடங்கும். அதை எவரும் தனக்குரியதாக்க இயலாது.

ஹிஜ்ரி 911இல் (கி.பி. 1505) மறைந்த இமாம் சுயூத்தி (ரஹ்) அவர்கள் நைல் நதியின் நடுவே இருந்த ரவ்ளா தீவில் வாழ்ந்தவர்கள். அங்கே நதிக்கரையை நோக்கிக் கட்டடங்கள் நீட்டப்படுவதைக் கண்டு, அது கூடாது என ஒரு தனி நூலே எழுதினார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் பிற்கால நூல்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன: நதியின் ஹரீமில் கட்டப்பட்டது பள்ளிவாசலே ஆனாலும் அது அகற்றப்பட வேண்டும் என்கின்றன. பள்ளிவாசலுக்கென ஒதுக்கிய மனையைக் காட்டி நிலத்தை ஹலாலாக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை. அல்லாஹ்வின் இல்லத்துக்கே இல்லாத சலுகை நம் இல்லத்துக்கு எங்கிருந்து வரும்?

தரகரிடம் இதைப் பணிவுடன் எடுத்துரைத்தோம். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால்தான் அந்த வணிகத்தில் பரக்கத் உண்டு என்னும் நபிமொழியையும் நினைவூட்டினோம். அவர் வருத்தத்துடன் பிரிந்தார். சில மாதங்கள் ஜுமுஆவுக்குப் பின் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏற்கெனவே வாங்கிய ஐந்து குடும்பங்களையும் ஜமாஅத்தின் பெரியவர் ஒருவருடன் சென்று சந்தித்து, வரைபடத்தைக் காட்டினோம். கட்டடம் எழுப்பாதிருந்த இரு குடும்பத்தினர் பணத்தைத் திரும்பக் கேட்டுள்ளனர். வீடு கட்டிக் குடியேறிவிட்ட மூவரின் முகங்களைக் காண்பதுதான் கடினமாக இருந்தது. அறிந்து ஆக்கிரமித்தவர்கள் அல்லர் அவர்கள். 'நம்ம ஆள்' என்ற சொல்லை நம்பியவர்கள். அவர்களுக்கு ஒரு வழக்கறிஞரை ஏற்பாடு செய்வதே ஜமாஅத்தால் இப்போது இயன்றது.

சகோதரத்துவம் விசாரணைக்கு மாற்று ஆகாது. உங்கள் சகோதரர் விற்றாலும் அளந்து பாருங்கள். நீங்கள் விற்றால் அளந்து காட்டுங்கள். ஒவ்வொரு மஹல்லாவிலும் பத்திரம் படிக்கத் தெரிந்த ஒரு வழக்கறிஞரும் ஒரு நில அளவையரும் ஜமாஅத்துடன் தொடர்பில் இருப்பது, வட்டியைத் தவிர்க்கும் சமுதாயத்துக்கு இன்றியமையாதது.

நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கின்றோம். விடுமுறை நாள்களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்கின்றோம். அந்தக் காற்றை அனுபவிக்கப் பட்டா தேவைப்படவில்லை.

எவருடைய உரிமையும் கலவாத, வெள்ளமும் வழக்கும் தீண்டாத இல்லங்களை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.