மார்ட்டின் ரயில் ஓடிய வழி

சென்ற மாதம் ஒரு விடுமுறை நாளில் குடும்பத்துடன் ஹவுராவிலிருந்து ஆம்தாவுக்குச் சென்று வந்தோம். சாந்த்ராகாச்சியில் பிரியும் அகலப் பாதை டோம்ஜூர், பர்காச்சியா வழியாகத் தாமோதர் நதிக்கரையிலுள்ள அவ்வூரை அடைகிறது.

முன்பு இப்பக்கத்தில் இரண்டடி அகலத் தண்டவாளத்தின்மீது சின்னஞ்சிறு வண்டி ஓடியது. மார்ட்டின் கம்பெனியார் 1897ல் தொடங்கிய லைட் ரயில்வே அது. கம்பெனியின் கூட்டாளிகளில் ஒருவர் வங்கப் பொறியாளர் ராஜேந்திரநாத் முகர்ஜி. ஊராருக்கு அது என்றும் ‘மார்ட்டின் ரயில்’தான். பஸ்ஸும் லாரியும் பெருகின, நஷ்டம் ஏறியது, 1971ல் வண்டி நின்றது. அகலப் பாதை ஆம்தாவை எட்ட 2004 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆம்தா கடைவீதியில் தேநீர் அருந்துகையில், கடைக்காரப் பெரியவர் தம் தந்தை அந்த ரயிலில் கார்டாக இருந்ததைக் கூறினார். வேலை போனபின் அவர் அரிசிக் கடையொன்றில் கணக்கெழுதினாராம். ஆயினும் மாலை வண்டி வரும் நேரத்துக்குத் தவறாமல் வாசலில் வந்து நிற்பாராம்.

ரயில்வே சம்பளத்தை நம்பி ஊர்விட்டு ஊர்வந்து வாழும் நமக்கு அச்சொற்கள் நெஞ்சில் தைத்தன. கம்பெனி மூடினால் தண்டவாளம் இரும்பு விலைக்காவது போகும்; அதை நம்பி வாழ்ந்தவர் எங்கே போவார்?

மார்ட்டின் ரயில் புறப்பட்ட ஹவுரா மைதானத்திலிருந்து 2024 முதல் ஹூக்ளி நதிக்கடியே மெட்ரோ ஓடுகிறது. அந்தச் சின்ன வண்டியில் ஏறிய முதியோர் நம் சங்கத்தில் இருப்பின், அக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பார்களாக.