'சித்தி, இன்னும் எத்தனை கோயில்?' - துவாக்குடியில் தங்கி, குழந்தைகளோடு 2 நாள் திருச்சி டூர்!

கடந்த மே மாதம் அக்கா குடும்பத்தோடு திருச்சி போயிருந்தோம். ஒரே நாளில் 7 இடம் என்று திட்டம் போட்டது நான்தான். மத்தியானம் ஒரு மணிக்கு, ஒரு கோயில் பிராகாரத்தில் கருங்கல் தரை தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. இரண்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள், கால் சுட்டு அழுதுகொண்டே கேட்டாள்... "சித்தி, இன்னும் எத்தனை கோயில்?" ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த அவள் அண்ணன் அழவில்லை. ஒரு தூணில் சாய்ந்து செல்போனுக்குள் போய்விட்டான். அன்று அவன் நிமிர்ந்து பார்த்தது சாப்பாட்டு இலையை மட்டும்தான்.

காலாண்டு விடுமுறையில் மறுபடியும் கிளம்பினோம். பையன் இப்போது பத்தாம் வகுப்பு. "இனிமே பொதுத்தேர்வு முடியற வரைக்கும் வெளியூரே கிடையாது" என்று அக்கா சொல்லிவிட்டாள். அதனால் இந்தப் பயணத்தையும் சொதப்பக் கூடாது என்று எனக்குள் ஒரு பதற்றம். இந்த முறை இடங்களின் பட்டியலை வைத்து அல்ல, வெயிலையும் குழந்தைகளின் கால்களையும் வைத்துத் திட்டம் போட்டோம்.

தங்கியது துவாக்குடியில், அத்தை வீட்டில். தஞ்சாவூர் சாலையில், திருச்சியிலிருந்து சுமார் 20 கி.மீ. ஒரு பக்கம் என்.ஐ.டி, இன்னொரு பக்கம் பெல் தொழிற்சாலை, அதற்கு வேலை செய்து கொடுக்கும் சிறு தொழிற்கூடங்கள் என்று இருக்கும் ஊர். சுற்றுலாத் தலம் இல்லை. ஆனால், சத்திரம் பேருந்து நிலையத்துக்கு டவுன் பஸ் அடிக்கடி கிடைக்கும். கல்லணையும் இங்கிருந்து பக்கம்.

முதல் நாள்: விடிந்ததும் மலை

காலை ஆறரை மணிக்கே மலைக்கோட்டை அடிவாரத்தில் இருந்தோம். செருப்பைக் கீழேயே விட வேண்டும் என்பதால் இந்த நேரம்தான் சரி. பாறை குளிர்ந்திருக்கும், கூட்டமும் குறைவு. 400-க்கும் மேற்பட்ட படிகள். தொடக்கத்தில் பாறையைக் குடைந்த இருட்டு வழியில் ஏறுவதே குழந்தைகளுக்குக் குகைக்குள் போவது மாதிரிதான்.

சின்னவளுக்குக் கொடுத்த வேலை, படிகளை எண்ணுவது. 112-ல் மறந்துவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். மேலே போனதும் கதை சொன்னேன். ராமர் கொடுத்த ரங்கநாதரை இலங்கைக்கு எடுத்துக்கொண்டு போகிறான் விபீஷணன். தரையில் வைக்கவே கூடாது. காவிரிக் கரையில் சந்தியாவந்தனம் செய்ய வேண்டியிருந்ததால், அங்கே நின்ற ஒரு சிறுவன் கையில் கொடுக்கிறான். சிறுவன் கீழே வைத்துவிட்டு மலை மேல் ஓடிவிடுகிறான். துரத்திப் பிடித்த விபீஷணன் தலையில் ஒரு குட்டு வைக்கிறான். அந்தச் சிறுவன்தான் உச்சிப் பிள்ளையார். "அப்போ அந்தச் சாமி எங்க?" என்று கேட்டாள். காவிரிக்கு அந்தப் பக்கம் தெரிந்த ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைக் காட்டினேன். "நாளைக்கு அங்க போலாமா?" என்று அவளே கேட்டாள். மே மாதம் நான் இழுத்துக்கொண்டு போன இடம் அது!

பெரியவனுக்குப் பிடித்தது இறங்கும் வழியில் பார்த்த பல்லவர் குகை. 7-ம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. கங்கையைச் சடையில் தாங்கும் சிவனின் சிற்பம் இங்கே இருக்கிறது. கல்லைக் கொண்டுவந்து கட்டவில்லை, இருந்த பாறையை வெட்டியெடுத்தே உருவாக்கினார்கள் என்றதும், "ஒரு தடவை தப்பா வெட்டிட்டா?" என்றான். என்னிடம் பதில் இல்லை. அவன் கேட்டதே எனக்குப் போதுமாக இருந்தது.

வெயில் நேரத்துக்கு ரயிலும் நட்சத்திரமும்

பத்து மணிக்கு மேல் நிழல் உள்ள இடங்கள். திருச்சி ஜங்ஷன் அருகே இருக்கும் ரயில்வே அருங்காட்சியகம் 2014-ல் திறக்கப்பட்டது. பழைய என்ஜின்கள், சிக்னல் விளக்குகள், வெளியே ஒரு பொம்மை ரயில். ஊட்டி மலை ரயிலுக்கான நீராவி என்ஜின்களை இதே திருச்சியின் பொன்மலை ரயில்வே பணிமனையில் கட்டியிருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பழைய இரும்பைப் பார்க்கும் பார்வையே மாறும்.

அங்கிருந்து விமான நிலையம் அருகிலுள்ள அண்ணா அறிவியல் மையத்தின் கோளரங்கம். தமிழ்க் காட்சிக்கும் ஆங்கிலக் காட்சிக்கும் நேரம் வேறு வேறு என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. சின்னவள் பாதிக் காட்சியில் தூங்கிவிட்டாள். தூங்கட்டும், அதுவும் திட்டத்தில் உள்ளதுதான்.

மாலை, வீடு திரும்பும் வழியில் திருவெறும்பூர் எறும்பீஸ்வரர் கோயில். சோழர் காலத்துக் கோயில், சின்னக் குன்று, சின்னக் கால்கள் தாங்கும் அளவுக்கான படிகள். தேவர்கள் எறும்பாக வந்து வணங்கியபோது, அவர்கள் ஏறுவதற்கு வசதியாக லிங்கம் சாய்ந்து கொடுத்தது என்பது தல புராணம். கோயிலைவிட்டு இறங்கும்போது எறும்பைப் பார்த்த இடத்திலெல்லாம் எங்கள் வீட்டுக் குட்டி விலகி விலகி நடந்தாள்.

இரண்டாம் நாள்: ஒரு தீவைச் சுற்றி வரலாம்

இன்றைக்கு வழிகாட்டி பெரியவன். "போனை எடுத்துக்கோ. நீதான் மேப் பார்த்து எங்களைக் கூட்டிட்டுப் போகணும்" என்றேன். வாடகை காரில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து நடுவே ஸ்ரீரங்கம் ஒரு தீவாக இருப்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டு, அவனே தங்கைக்கு விளக்கிக்கொண்டு வந்தான்.

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் காலை எட்டு மணிக்கு முன்பே போய்விட்டோம். 7 மதில்கள், 21 கோபுரங்கள். ராஜகோபுரம் 236 அடி. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தொடங்கி அடித்தளத்தோடு நின்றுபோன கோபுரத்தை, 1979-ல் மீண்டும் கட்டத் தொடங்கி 1987-ல் முடித்தார்கள். சேஷராயர் மண்டபத்தில் பாயும் குதிரைத் தூண்களிடம் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். குதிரையின் காலடியில் என்னென்ன இருக்கிறது என்று தேடச் சொன்னால் அரை மணி நேரம் போவதே தெரியாது.

அடுத்து, மேலூரில் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சி பூங்கா. மரநிழல், நடைபாதை, சிறுவர்கள் விளையாட இடம் எல்லாம் உண்டு. பூச்சிகள் சுறுசுறுப்பாகப் பறப்பது இளவெயிலில்தான் என்பதால் முற்பகலே பொருத்தமான நேரம்.

சாப்பிட்டு, ஓய்வெடுத்துவிட்டு, மாலையில் உத்தமர்சீலி வழியாகக் கிழக்கே போனால் கல்லணை. துவாக்குடியிலிருந்து மாமாவும் வந்து சேர்ந்துகொண்டார். பெல்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இதுல எது மாமா கரிகாலன் கட்டினது?" என்றான் பையன். "நீ பாக்கிற ஷட்டர், பாலம் எல்லாம் பிற்காலத்துல வந்தது. கரிகாலன் போட்ட கல்லு தண்ணிக்கு அடியில இருக்கு" என்றார் மாமா.

ஆற்று மணலில் அஸ்திவாரம் நிற்காது. அதனால் பெரிய கற்களைப் போட்டு, அவை மணலுக்குள் இறங்க இறங்க, களிமண் பூசி மேலே மேலே கற்களை அடுக்கினார்கள். 19-ம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்த ஆர்தர் காட்டன், இங்கே கற்றதை வைத்தே முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். மாமா தரையில் விரலால் கோடு போட்டு விளக்க, பையன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டான். செல்போன் சட்டைப்பையில் இருந்தது. இருட்டும் வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. கல்லணையிலோ, காவிரி, கொள்ளிடத்தின் வேறு கரைகளிலோ, தண்ணீர் குறைவாகத்தானே ஓடுகிறது என்று குழந்தைகளை இறக்கிவிடாதீர்கள். மணல் குழிகள் மேலிருந்து தெரியாது. ஷட்டர் திறந்தால் நீர் சட்டென்று உயரும். கரையில் நின்று பார்ப்பதே போதும்.

இரவு திருவெறும்பூர் வழியாகத் துவாக்குடி வந்து சேர்ந்தோம். இந்த இரண்டு நாளில் நாங்கள் பார்க்காத கோயில்கள் நிறைய. அத்தைக்குத் திருவானைக்காவல் விட்டுப்போனதில் மனக்குறைதான். "அடுத்த தடவை நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன் பாட்டி, மேப் இருக்கு" என்றான் பெரியவன்.

கிளம்பும் முன்...

* ஒரு நாளைக்கு 3 இடம் போதும். ஒன்று சின்னவருக்கு, ஒன்று பெரியவருக்கு, ஒன்று தாத்தா பாட்டிக்கு.

* படிகளும் கல் தரையும் இருக்கும் இடங்களைக் காலை 9 மணிக்குள் முடியுங்கள். நண்பகலில் கூரையுள்ள இடங்களுக்குப் போங்கள்.

* கல்லணையில் தண்ணீர் பார்க்க வேண்டுமென்றால் மே மாதம் வேண்டாம். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து சில நாள்களில் நீர் கல்லணையை எட்டும்.

* பூங்கா, அருங்காட்சியகம், கோளரங்கத்தின் வார விடுமுறையைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

* பதின்வயதுப் பிள்ளையிடம் போனைப் பிடுங்காதீர்கள். வழி காட்டும் பொறுப்பை ஒப்படையுங்கள்.