கச்சான் காற்றில் ஊவாவை நோக்கி

பதுளைக்குப் போகிறவர்கள் புகையிரதத்தில் போவார்கள். அவசரமுள்ளவர்கள் பஸ்ஸில் போவார்கள். ஆகாய மார்க்கமாக ஊவா மலைகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று லயம் முழுவதற்கும் செய்தி சொல்லிவிட்டுப் புறப்பட்ட தோட்டத்துப் பிள்ளை ஒருவன் உண்டென்றால் அது நான்தான். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆகஸ்ட் மாதத்தில் நடந்தது இது. விமானம் ஓட்டும் அனுமதிப்பத்திரம் என் கைக்கு வந்து அப்போது மூன்று வாரமே ஆகியிருந்தது.

நமுனுகுல மலையின் தென்சரிவில் உள்ள ஒரு தோட்டத்தில், லயக் காம்பராவில் பிறந்தவன் நான். எங்கள் மூதாதையர் மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேல் காட்டு வழியே நடந்து மலையேறியவர்கள். அவர்களுடைய வம்சத்தில் ஒருவன் விமானம் ஓட்டக் கற்றது எப்படி, அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் வேறு கதை. அப்பாவின் சேமலாப நிதியும், கொழும்பில் கடைச் சிப்பந்தியாயிருந்த அண்ணனின் சம்பளமும் அதில் கரைந்தன என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். அந்தக் கடனுக்கு நான் கொடுக்கக்கூடிய முதல் வட்டி, தோட்டத்திற்கு மேலே ஒரு முறை பறந்து காட்டுவதுதான் என்று எண்ணினேன். "செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு வருவேன்" என்று தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். எங்கள் மலையை நான் அடையாளம் கண்டுகொள்வதற்காக, அப்பாவின் வெள்ளை வேட்டியைத் தேயிலைச் செடிகளின்மேல் விரித்துவைப்பது என்று அவர்கள் ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

இரத்மலானையிலிருந்து கொக்கலை, அங்கிருந்து மத்தள, பிறகு மீண்டும் இரத்மலானை என்பது என் பாதை. சுமார் 350 கிலோமீற்றர். மத்தளவிலிருந்து வடக்கே வெல்லவாய வரை சென்று, எல்ல கணவாயின் வாயிலில் நின்று நமுனுகுலவின் தென்சரிவைச் சுற்றித் திரும்புவது என்ற ஒரு சிறு கிளைப் பாதையையும் சேர்த்துக்கொண்டேன். பெரிய விமானிகளுக்கு இது காலை உலா. கற்றுக்குட்டிக்கோ, பக்கத்தில் ஆசிரியரின்றிப் போகும் முதல் நெடும் பயணம்.

இரத்மலானையின் ஓடுபாதையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வரும். 1935 நவம்பர் 27ஆம் திகதி அங்கே முதன்முதலாக வந்திறங்கிய விமானம், சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாசிரியர் டின்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த 'பஸ் மோத்' என்ற சின்னஞ்சிறு விமானமாகும். மன்னார் வழியாக நடந்து வந்தவர்களின் பிள்ளைக்கு, சென்னையிலிருந்து பறந்து வந்தவரை நினைக்க ஒரு சொந்தம் தோன்றுவது இயல்புதானே.

என்னுடையது செஸ்னா 152. இரண்டு ஆசனம், 110 குதிரைவலு. அதன் கையேட்டின்படி, கடல் மட்டத்தில், 15 பாகை வெப்பத்தில், நிமிஷத்திற்கு 715 அடி ஏறும். இலங்கையின் ஆகஸ்ட் மாதத்தில் 15 பாகையை நுவரெலியாவின் விடியற்காலையில்தான் தேடவேண்டும்! சூடான காற்று ஐதானது. இறக்கைக்குப் பிடிமானம் குறைகிறது. இயந்திரத்திற்கு மூச்சுத் திணறுகிறது. சுழலிக்கும் கடித்திழுக்கக் காற்றுப் போதவில்லை. மத்தள கடல் மட்டத்திலிருந்து சுமார் 150 அடி உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் 34 பாகை வெயிலில், ஏறத்தாழ 2,400 அடி உயரமான மேட்டிலிருந்து கிளம்புவதுபோல்தான் விமானம் தள்ளாடும். 1930 மே மாதத்தில் லண்டனிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த ஏமி ஜோன்சனும் அதற்கு முந்திய ஆண்டுதான் அனுமதிப்பத்திரம் பெற்றவர்; கடுங்கோடையில் வட இந்தியாவைக் கடந்தபோது, எரிபொருள் குறைந்து ஜான்சியின் இராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்கினார். அவரை எண்ணித் தைரியம் கொண்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் ஒழுங்காகத் தூங்கவில்லை.

கொக்கலையில் தாமதம் பிடித்துக்கொண்டது. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கனடிய விமானி பேர்ச்சல் கட்டலீனா கடல் விமானத்தில் கிளம்பி, ஜப்பானியக் கடற்படை வருவதைக் கண்டு எச்சரித்தது இந்தக் கொக்கலையிலிருந்துதான். எனக்கு வாய்த்ததோ தென்மேல் பருவத்தின் மழை முகில். இரண்டு மணி நேரம் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். மத்தளவில் இறங்கி, எரிபொருள் நிரப்பி, மறுபடி கிளம்பும்போது மணி பதினொன்றே முக்கால். அம்மாவிடம் சொன்னபோது, "பரவாயில்ல தம்பி, எல்லாரும் இங்கதான் நிக்கிறோம்" என்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் அழைத்து வந்திருந்தார்களாம். அதைக் கேட்டபின் போகாமல் இருப்பதெப்படி?

இங்கே கச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். கச்சான் என்றதும் சுருளில் வாங்கிக் கொறிக்கும் நிலக்கடலையை நினைக்க வேண்டாம். மட்டக்களப்பாரும் ஊவா மக்களும் நன்கறிந்த காற்று அது. தென்மேல் பருவக் காற்று கடலிலிருந்து நீரைச் சுமந்து வந்து, அட்டன், நுவரெலியாப் பக்கத்துச் சரிவுகளில் மழையாகக் கொட்டிவிட்டு, ஓட்டன் சமவெளியின் விளிம்பைத் தாண்டி வெறுங்கையோடு ஊவாவுக்குள் இறங்குகிறது. இறங்கும் உலர்ந்த காற்று ஆயிரம் மீற்றருக்குச் சுமார் 10 பாகை வீதம் சூடேறும். அதனால்தான் அந்தப் பக்கம் குடையோடு நிற்கும் நாட்களில் இந்தப் பக்கம் புழுதி பறக்கிறது.

ஆனால் இதே காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை இந்த உலர்காற்றில் செடி திணறி, கொழுந்து மெதுவாக வளர்கிறது; சுளுக்குத் தைலத்தின் வாசனைக்கு உறவான ஒரு குளிர்ந்த மணம் இலையில் ஊறுகிறது. 1890இல் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கிய லிப்டன் உலகமெல்லாம் விற்ற சரக்கில் இந்தக் காற்றுக்கும் பங்குண்டு. அந்தப் பருவத்தில் தொழிற்சாலையைக் கடந்து போனால் மணமே ஆளை நிறுத்தும். கைவெடித்த கொழுந்துப் பெண்களுக்கு அந்த மணத்தில் என்ன பங்கு கிடைத்தது என்பது வேறு கணக்கு.

கிளம்பினேன். கீழே வரண்ட புதர்க்காடு, குளங்கள், செம்மண் பாதைகள். ஏறும் வேகத்தைக் காட்டும் முள் 500 அடியைத் தொடவே முனகியது. 4,000 அடிக்கு மேல் வெல்லவாயவை நெருங்கியபோது மலைச்சுவர் முழுவதும் கண்முன் விரிந்தது. இடப்புறம் அப்புத்தளை விளிம்பு. நேரே எல்ல கணவாயின் பிளவு. வலப்புறம் 6,680 அடி உயரமான நமுனுகுல. அப்புத்தளைப் பக்கத்து விளிம்பின்மேல் வெண்முகில், பால் பொங்கி வழிவதுபோல் இந்தப் பக்கம் வழிந்து, பாதி வழியிலேயே மாயமாய் மறைந்துகொண்டிருந்தது. எவ்வளவு அழகு! அந்த அழகைப் பற்றி ஆசிரியர் வகுப்பில் கரும்பலகையில் படம் வரைந்து காட்டியிருந்தார். முகில் வழிந்து மறைகிற இடத்தில் காற்று பள்ளத்தை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறது. சிறு விமானம் அதற்குள் போகலாகாது.

இன்னும் கொஞ்சம் போனால் லயங்கள் தெரியும் என்றது மனம். போனேன். முதலில் ஒரு குலுக்கல். இருக்கைப் பட்டி தோளை அறுத்தது. இயந்திரம் முழு வேகத்தில் இரைந்தது. மூக்கு வானத்தைப் பார்த்தது. முள்ளோ இறக்கத்தைக் காட்டியது. நிமிஷத்திற்கு 400 அடி இறங்குகிறேன்! ஏறுவதற்கென்று வைத்திருந்த வலுவையெல்லாம் கொடுத்தும் இறங்குகிறேன். கணவாயின் இரு சுவர்களும் அகலம் குறைந்து வருவதுபோல் தோன்றின. திரும்ப இடமுள்ளபோதே திரும்பவேண்டும் என்பதுதான் மலைநாட்டுப் பறப்பின் முதல் பாடம். அந்தப் பாடத்தைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன், அங்கே ஐந்தாறு வினாடிகள் அதைச் செய்யாமலிருந்தேன். அந்த வினாடிகளில் நான் கண்டது மலையை அல்ல. வேட்டி விரித்த மேட்டில் கண்ணுக்குக் கை மறைத்து நிற்கும் பிள்ளைகளைத்தான். பிறகு வலப்புறம் சாய்த்துத் திருப்பினேன். புத்தளைப் பக்கத்துச் சமவெளியின்மேல் வந்தபின் முள் மெல்ல நிமிர்ந்தது. வேர்வையில் தொடையோடு ஒட்டிய வரைபடம், எடுக்கும்போது கிழிந்துவிட்டது.

திரும்பும் வழி முழுவதும் அவமானம். தெற்கே இறங்கி, கரையோரமாகவே சென்று, மாலை நான்கு மணிக்கு இரத்மலானையில் இறங்கினேன். அம்மாவை அழைக்கவில்லை.

பத்து நாள் கழித்துப் புகையிரதத்தில் ஊருக்குப் போனேன். பட்டிப்பொலையில் மழைச் சாரல் ஜன்னலை நனைத்தது. அடுத்த சுரங்கத்தில் நுழைந்து வெளியே வந்ததும் பளீரென்று வெயில், ஊவா மாகாணம்! 1924இல் பதுளையைச் சென்றடைந்த இந்தப் பாதையில் சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை இந்த வித்தையைப் பார்த்திருக்கிறேன். வேடிக்கையாகப் பார்த்தேனேயன்றி, ஏன் என்று கேட்டதில்லை.

லயத்து வாசலில் தகரக் கூரை படபடத்துக்கொண்டிருந்தது. அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் ஏதோ விளக்கம் சொல்லத் தொடங்கினேன். காற்று, மலை, முள் என்றெல்லாம்.

"அன்னைக்குக் காலம்பறப் பிரட்டுக்களத்துலயே சொல்லிட்டேனே," என்றாள் அவள். "கச்சான் இப்பிடி அடிக்குது, பிள்ள வரமாட்டான், வரவும் கூடாதுன்னு."

"பிறகு ஏம்மா எல்லாரும் நின்னீங்க?"

"நீ சொன்னியே, நிக்காம எப்பிடி? உங்கப்பா வேட்டிதான் போச்சு. கல்லு வச்சும் நிக்கல. காத்து தூக்கிட்டுப் போயி, ரெண்டு நாள் கழிச்சு ஓடைக்குள்ள கெடந்துச்சு."

அந்த வேட்டிதான் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் புதிதாகத் தைத்திருந்தார்கள்.