எழுபத்தைந்து

திங்கள், இரவு

எங்கள் புகார் மின்னஞ்சல் முகவரிக்கு எழுதிய ஏழு பேருக்கு அவரவர் கடிதமே திரும்பிப் போயிருக்கிறது. காலையில் மேலாளர் கேட்டபோது, "அவங்க பக்கத்து சர்வர்ல ஏதோ கோளாறு சார்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். மாலையில் லாக்கைப் புரட்டினால், கோளாறு என் ஸ்கிரிப்டில்.

அந்த முகவரிக்கு அஞ்சல் பெட்டி கிடையாது. அலியாஸ் கோப்பில் செங்குத்துக் கோடு ஒன்று போட்டு, பக்கத்தில் என் ஸ்கிரிப்டின் பெயரை எழுதிவைத்திருக்கிறேன். கடிதம் வந்ததும் எங்கள் அஞ்சல் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸ் அதை ஸ்கிரிப்டுக்கு ஊட்டும். ஸ்கிரிப்ட் பிரித்து டேட்டாபேஸில் சேர்க்கும். நேற்று இரவு டேட்டாபேஸை அரைமணி நேரம் நிறுத்தியிருந்தோம். ஸ்கிரிப்ட் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, 1 என்ற எண்ணோடு செத்துப்போனது.

செவ்வாய்

ஒரு புரோகிராம் முடியும்போது விட்டுப்போகும் எண்தான் அது அஞ்சல் சர்வருக்குச் சொல்லும் பதில். 0 என்றால் வேலை ஆயிற்று. 75 என்றால் 'இப்போது முடியவில்லை, பிறகு கொண்டுவா'. நான் சொன்ன 1, 'முடியவே முடியாது'. போஸ்ட்ஃபிக்ஸ் அதை நம்பி, கடிதத்தை அனுப்பியவருக்கே திருப்பிவிட்டது. திருப்பியபின் அது நகல் வைத்துக்கொள்வதில்லை. ஏழு புகார்களும் எங்களிடம் இல்லை.

ஸ்கிரிப்டில் ஓர் எண்ணை மாற்றினேன். இதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை என்பதுதான் எரிச்சல்.

புதன்

வேண்டுமென்றே டேட்டாபேஸை நிறுத்திவிட்டு, செண்ட்மெயில் கட்டளையால் ஒரு சோதனைக் கடிதம் போட்டேன். எரிக் ஆல்மன் எழுதிய செண்ட்மெயில் இங்கே இல்லை. வீட்சே வெனமா ஐபிஎம்மில் எழுதி 1998இல் வெளியான போஸ்ட்ஃபிக்ஸ், பழைய நிரல்கள் தடுமாறாதிருக்க அதே பெயரில் ஒரு கட்டளையை வைத்திருக்கிறது. தனி வரியில் ஒற்றைப் புள்ளி வைத்தால் கடிதம் முடிந்ததாக அது எடுத்துக்கொள்ளும். (ஒருமுறை நீண்ட அறிக்கை ஒன்று இப்படிப் பாதியில் அறுந்தபோது, ஒருநாள் முழுக்க நெட்வொர்க்கைச் சந்தேகித்தேன்.)

கடிதம் முதலில் மெயில்டிராப் அடைவில் விழுந்தது. பிக்கப் எடுத்தது, க்ளீனப் தலைப்புகளைச் சரிசெய்தது, வரிசை மேலாளர் ஆக்டிவ் வரிசைக்கு ஏற்றியது, ஸ்கிரிப்ட் 75 சொன்னது. கடிதம் டிஃபர்டு என்ற காத்திருப்பு வரிசைக்குள் போய் உட்கார்ந்தது. மெயில்க்யூ என்று அடித்ததும் அடையாள எண், அளவு, வந்த நேரம், அடைப்புக்குறிக்குள் தாமதத்தின் காரணம், எல்லாம் வந்து நின்றன. முதல் மறுமுயற்சிக்குக் குறைந்தது 300 வினாடி. பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போய் 4000 வினாடியில் நிற்கும். ஐந்து நாள் இப்படி முயலும். அதன்பிறகுதான் திருப்பும். அரைமணி நேரத்துக்கே மனிதர்களை விரட்டியவன் நான்.

டேட்டாபேஸை எழுப்பி, காத்திருந்ததை உடனே அனுப்பச் சொல்லி போஸ்ட்க்யூ கட்டளைக்கு எஃப் கொடுத்தேன். போய்விட்டது.

வியாழன்

மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன். முறைத்தார், அவ்வளவுதான். ஏழு பேருக்கும் மன்னிப்புக் கேட்டு, மறுபடி அனுப்பும்படி எழுதினேன். ஐந்து பேர் அனுப்பிவிட்டார்கள். மற்ற இருவரிடமிருந்து இதுவரை வரவில்லை.