சொட்டும் இடமும் கசியும் இடமும்

எங்கள் வீட்டு மீன் தொட்டி இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் உடையது. நிரம்பினால் சுமார் 56 லிட்டர் நீர் கொள்ளும். பக்கக் கண்ணாடியில் துளையிட்டுப் பொருத்திய பிளாஸ்டிக் இணைப்பின் வழியாக நீர் கீழேயுள்ள வடிகட்டிக்குச் சென்று, தூய்மையாகித் திரும்புகிறது.

சென்ற கோடை விடுமுறையில் வடிகட்டியின் அருகே நீர் சொட்டத் தொடங்கியது. "பாட்டி வழுக்கி விழுந்தால் என்ன செய்வது? மின்சாரப் பிளக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நிற்காவிட்டால் தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடுவேன்" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். என் ஆறு மீன்களையும் பிரிய எனக்கு மனமில்லை.

அப்பாவின் துணையுடன் முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். பிறகு ஒவ்வோர் இணைப்பையும் துடைத்து, செய்தித்தாள் துண்டைச் சுற்றிக் கட்டினோம். முதலில் நனைந்தது கண்ணாடியருகே இருந்த தாள்! அங்கே கசிந்த நீர்தான் குழாய் வழியே வழிந்து கீழே சொட்டியிருக்கிறது.

மீன்களைத் தொட்டி நீருடனேயே வாளிக்கு மாற்றினோம். நீர்மட்டத்தைத் துளைக்குக் கீழே இறக்கி, இணைப்பைக் கழற்றினோம். ரப்பர் வாஷருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு மணல் துகள்! அதை நீக்கி, வாஷரைக் கழுவிப் பொருத்தி, கையாலேயே முறுக்கினோம். ஸ்பேனரால் அழுத்தி முறுக்கினால் கண்ணாடி விரிசல் விடும். மரையுள்ள குழாயில் டெஃப்லான் நாடாவை முறுக்கும் திசையிலேயே மூன்று சுற்றுச் சுற்றினோம். எதிர்த்திசையில் சுற்றினால் நாடா பிரிந்துவிடும்.

மறுநாள் காலை பாட்டியே தரையைத் தடவிப் பார்த்து, "காய்ந்துதான் இருக்கிறது" என்றார்கள். அம்மாவும் சிரித்துவிட்டார்கள்.

தோழியரே, நம்மிடையே மனத்தாங்கல் வரும்போதும் கசியும் இடத்தைப் பொறுமையாகத் தேடுவோம். அங்கே ஒரு மணல் துகள் மட்டுமே இருக்கக்கூடும்.